கோடைப் பயிற்சியில் பாடம் நடத்தக் கூப்பிட்டால், சரி என்று சொல்வதற்கு முன்

போன மாதம் வேறொரு மாநிலத்திலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தாள். என்னைப் போலவே அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். "அக்கா, கோடைப் பயிற்சியில பாடம் நடத்த என்னைக் கேட்டிருக்காங்க. நீங்க போயிட்டு வந்தீங்களே, ஒத்துக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். பேசி முடித்த பிறகுதான், இதையெல்லாம் 2024-ல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அந்த வருடம் கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். நிதியுதவித் துறையில் இல்லாதவர்களுக்கும், அலுவலகம் சார்பாகவோ சங்கம் சார்பாகவோ சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். 1965-ல் வந்த உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதியிலிருந்துதான் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை, கல்விக்கடன், வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டம் எல்லாம் வருகின்றன. துறைக்குள் இதை 'டைட்டில் ஃபோர்' என்போம். ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை மாணவர் நிரப்புகிறார். அதன் முடிவு கல்லூரிக்கு வருகிறது. யாருக்கு எவ்வளவு, எப்போது, பாதியில் நின்றுபோனால் எவ்வளவைத் திருப்ப வேண்டும் என்று கணக்குப் போடுவது எங்கள் வேலை. இதற்கென்று பட்டம் படித்துவிட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சேர்க்கைப் பிரிவிலிருந்து வருவார்கள், கட்டணப் பிரிவிலிருந்து வருவார்கள். நான் வரவேற்பு மேஜையில் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்து, இங்கே வந்து உட்கார்ந்தேன். ஆனால் விதிகளோ பல தொகுதிகள் கொண்ட கையேடு, அதற்குப் பின்னால் சட்டம், சட்டத்துக்கும் கையேட்டுக்கும் நடுவே கல்வித்துறை அவ்வப்போது அனுப்பும் கடிதங்கள் என்று விரிந்துகொண்டே போகும். இதில் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பணத்தை இழப்பது ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை.

அதனால்தான் துறைச் சங்கங்கள் கோடையில் புதியவர்களுக்குப் பயிற்சி நடத்துகின்றன. தேசிய அளவில் 1966-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அதைத் தவிர நாடு ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கம் உண்டு. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், விடுதி அறைகளில் தங்கவைத்து, காலையிலிருந்து மாலை வரை வகுப்பு. பாடம் நடத்துவது நாங்களேதான், வேறு கல்லூரிகளில் அதே வேலை பார்ப்பவர்கள். சம்பளம் கிடையாது. வளாகத்தில் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும், பயணச் செலவு பிறகு வரும் என்பார்கள்.

என்னைக் கூப்பிட்டது 2024 பிப்ரவரியில். அந்த வருடம் எப்படிப்பட்டது என்று துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும் ஃபாஃப்சா, புது வடிவத்தில் 2023 டிசம்பர் 30-ல்தான் தட்டுத்தடுமாறித் திறந்தது. மாணவர்களின் விவரங்கள் கல்லூரிகளுக்கு வர மார்ச் நடுப்பகுதி ஆனது. வந்ததிலும் ஒரு பகுதி தவறான வரித் தகவலோடு வந்து, திரும்பக் கணக்கிட வேண்டியிருந்தது. பெற்றோரிடம் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத குடும்பங்களால் பல வாரங்கள் படிவத்தை முடிக்கவே முடியவில்லை. தினமும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதார்கள். அந்த நேரத்தில் வந்த அழைப்புக்கு ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. கணவரோடு வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டில் இருந்து, நாற்பதை நெருங்கும்போது வேலைக்குச் சேர்ந்தவள் நான். இரண்டு பாடங்கள் தருகிறோம், தேவைக் கணக்கீடும் ஆர்2டி4-உம் (படிப்பைப் பாதியில் நிறுத்தியவரின் உதவியைத் திருப்பும் கணக்கு), நீங்கள்தான் நடத்த வேண்டும் என்று கேட்டபோது மனம் நிறைந்துபோனது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஏப்ரல் கடைசியில் பாடப்பொருள் வந்தது. ஸ்லைடுகள், பயிற்சித்தாள்கள், விடைகள் எல்லாம் தயார், பார்த்துவிட்டு நடத்தினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தால் தேவைக் கணக்கீடு முழுக்க, குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஒரு எண் போடும் இ.எஃப்.சி. என்ற பழைய முறையில் இருந்தது. 2024-25-லிருந்து அந்த முறையே கிடையாது. அதற்குப் பதில் எஸ்.ஏ.ஐ. வந்துவிட்டது. பெயர் மாற்றம் மட்டும் என்றால் பரவாயில்லை. பழைய எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, புதியது மைனஸ் 1,500 வரை போகும். பழைய கணக்கில் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் பெற்றோரின் பங்கு இரண்டாகப் பிரியும், புதியதில் பிரியாது. பெற்றோர் பிரிந்திருந்தால் பிள்ளை யாரோடு அதிக நாள் இருந்தது என்று முன்பு பார்த்தோம், இப்போது யார் அதிகம் செலவு செய்தார் என்று பார்க்க வேண்டும். குடும்பப் பண்ணையும் சிறு வியாபாரமும் முன்பு சொத்துக் கணக்கில் வராது, 2024-25-ல் வந்தது. நாங்கள் இருப்பது சோளமும் சோயாவும் விளையும் மத்திய மேற்குப் பகுதி. பண்ணை விஷயம் எங்களுக்கு முதல் வரிசைப் பிரச்சினை. அந்த ஸ்லைடுகளை அப்படியே நடத்தினால் நாற்பது புதிய அலுவலர்கள் செத்துப்போன ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

பொறுப்பாளருக்கு எழுதினேன். "உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி பதில் வந்தது. மாற்றிக்கொள்ள என்ன வசதி? பகலில் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. மே மாதம் முழுவதும் ராத்திரி சமையல், பாத்திரம் எல்லாம் முடித்துவிட்டு மேஜைக்கு வந்து ஒரு மணி வரை எழுதினேன். மகளின் பள்ளி இறுதி நிகழ்ச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு போனில் கையேடு படித்தேன். அது இன்னும் உறுத்துகிறது. ஆகவே யாரிடம் ஒத்துக்கொள்வதாக இருந்தாலும், தலையாட்டுவதற்கு முன்பே பாடப்பொருளை அனுப்பச் சொல்லுங்கள். முதல் ஸ்லைடைப் பார்க்காதீர்கள், பயிற்சித்தாளின் கணக்கைப் பாருங்கள். அதில் எந்த வருடத்து எண்கள் இருக்கின்றனவோ, அந்த வருடத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை வாரத்துக்கு முன் முடித்துத் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும் என்றால், ஒரு மணி நேர வகுப்புக்கு பத்து மணி நேரத் தயாரிப்பு என்று வைத்துக்கொண்டு உங்களிடம் அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதற்கும் மேலே போனது.

அடுத்தது விடுப்பு. பிப்ரவரியில் என் மேலாளர், இது துறை வளர்ச்சிக்கான வேலை, விடுப்பு எடுக்க வேண்டாம் என்று வாயால் சொன்னார். அந்த வசந்த காலத்தில் எத்தனையோ பேர் களைத்துப்போய் இந்தத் துறையை விட்டே போனார்கள், அவரும் மே மாதம் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர், சங்கத்து வேலைக்குக் கல்லூரி எப்படிச் சம்பளம் கொடுக்கும், ஆண்டு விடுப்பில் போங்கள் என்றார். அவர் நிலையில் இருந்து பார்த்தால் அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த வாரம் நான் அம்மாவைப் பார்க்க டிசம்பரில் தஞ்சாவூர் போவதற்காகச் சேர்த்துவைத்த விடுப்பு. இந்தியப் பயணம் அந்த அளவுக்குக் குறுகியது. இந்த நாட்டில் விடுப்பு என்பது நமக்கு ஊர், அம்மா அப்பா. அதனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலாளர் சரி என்று சொன்ன அன்றே, "இன்று பேசியபடி, இந்த வாரம் பணி நாளாகவே கணக்கிடப்படும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மனிதவளப் பிரிவையும் அதில் சேர்த்துவிடுங்கள். மேலாளர் மாறினாலும் மின்னஞ்சல் இருக்கும்.

பணக் கதையையும் இங்கேயே சொல்கிறேன். விமான டிக்கெட் 438 டாலர். விமான நிலையத்திலிருந்து வளாகம் தொலைவு, பேருந்து கிடையாது, போக வர வாடகைக் காருக்கு 150-க்கு மேல். பயிற்சித்தாள்களை அங்கேயே அச்சடித்துக் கொடுப்போம் என்றவர்கள் கடைசி வாரத்தில், நீங்களே அச்சடித்துக் கொண்டுவாருங்கள், ரசீது கொடுத்தால் போதும் என்றார்கள். அதற்கு 117. விடுதி அறையில் ஏசி இல்லை, படுக்கைவிரிப்பு மெத்தையைவிடச் சின்னது. முதல் ராத்திரி வேர்வையில் புரண்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் போய் ஒரு மேஜை விசிறியும் விரிப்பும் வாங்கினேன். எல்லாமாக 800 டாலருக்கு மேல் என் கிரெடிட் கார்டில் ஏறியது. திரும்பி வந்தது அக்டோபர் கடைசியில், அதுவும் 590-தான். வாடகைக் காரின் பெரும்பகுதியும் விசிறியும் விரிப்பும் 'அனுமதிக்கப்பட்ட செலவு' பட்டியலில் இல்லை. அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வராத பணத்தைவிட, நான்கு மாதம் வட்டி கட்டியதுதான் எரிச்சல். டிக்கெட்டைச் சங்கமே நேரடியாக எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும், கேட்பவர்களுக்குத்தான் செய்கிறார்கள். முடியாது என்றால் செலவுப் பட்டியலையும், எத்தனை நாளில் பணம் வரும் என்பதையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுகளை அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். போய்ச் சேர்ந்த அன்று மாலையே, ஆவணச் சரிபார்ப்புப் பாடம் நடத்த வேண்டியவர் உடம்பு சரியில்லாமல் வரவில்லை, அதையும் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் ஒரே மேஜையில் பங்கேற்பாளர்களோடு உட்கார வேண்டும், இரவு உணவுக்குப் பிறகு 'சந்தேகம் கேட்கும் நேரம்' என்று ஒன்று உண்டு, அது ஒன்பதரை வரை போகும். அட்டவணையில் மூன்று மணி நேர வகுப்பு என்று போட்டிருந்தது நடைமுறையில் பன்னிரண்டு மணி நேர வேலை.

முதல் நாள் தேவைக் கணக்கீடு நடத்தினேன். வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். இன்னொருவர் பதினைந்து வருடம் இந்தத் துறையில் இருப்பவர், புது முறையைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். ஒருவர் ஐம்பது பேர் வேலை பார்க்கும் பெரிய பல்கலைக்கழக அலுவலகம், ஒருவர் தனி ஆளாக எல்லாவற்றையும் பார்க்கும் சின்னப் பள்ளி. பதினைந்து வருடக்காரர் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லி நுட்பமான கேள்வி கேட்கிறார், அதற்கு நான் பதில் சொல்லும்போதே பின்வரிசையில் ஒரு பையன் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான். அந்தப் பேனா மூடியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உள்ளே ஏதோ சரிந்துவிட்டது. அறைக்குப் போய் விசிறியைச் சத்தமாக வைத்துவிட்டு அழுதேன். வீட்டுக்குப் போன் செய்தால் கணவர், "முடியலன்னா கிளம்பி வந்துடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அந்த ராத்திரி உட்கார்ந்து ஆர்2டி4 ஸ்லைடுகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். ஆர்2டி4 என்பது, உதவி வாங்கிய மாணவர் பருவத்தின் நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு பணத்தை அரசுக்குத் திருப்ப வேண்டும் என்ற கணக்கு. எங்கள் துறையிலேயே புதியவர்கள் அதிகம் பயப்படும் பாடம் இதுதான். மாணவர் எத்தனை நாள் இருந்தாரோ அத்தனை பங்கு உதவியைச் 'சம்பாதித்திருக்கிறார்', 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுவதும் அவருக்கு. மீதியில் தன் பங்கைக் கல்லூரி, மாணவர் நின்றுவிட்டார் என்று தீர்மானித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் திருப்ப வேண்டும். இதை இப்படி வாயால் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கணக்குக் கொடுத்தால் நின்றுவிடுவார்கள். அதனால் மறுநாள் காலை ஸ்லைடே போடாமல் ஒரு நாட்காட்டியை மட்டும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

பருவம் 2024 ஆகஸ்ட் 26 முதல் டிசம்பர் 13 வரை. மொத்த நாள் எத்தனை என்று விரலால் எண்ணச் சொன்னேன். 110 வந்தது. இப்போது நன்றி தெரிவிக்கும் திருநாள் விடுமுறை. நவம்பர் 28 வியாழனிலிருந்து ஞாயிறு வரை என்றால் நான்கு நாள். ஐந்து நாளுக்குக் குறைவான விடுமுறையைக் கழிக்கக் கூடாது, 110 அப்படியே நிற்கும். ஆனால் ஒரு கல்லூரி புதன்கிழமையும் விடுமுறை விட்டால் ஐந்து நாள் ஆகிவிடுகிறது, மொத்தத்தையும் கழிக்க வேண்டும், 105. மாணவர் அக்டோபர் 15-ல் நின்றுவிட்டார், அதுவரை 51 நாள். 110-ல் 51 என்றால் 46.4 சதவீதம். 105-ல் 51 என்றால் 48.6. அவருக்கு வந்த உதவி 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கணக்கில் 1,856 அவருடையது, இன்னொன்றில் 1,944. ஒரு புதன்கிழமை வகுப்பு உண்டா இல்லையா என்பதில் 88 டாலர். இதை அவர்களே கணக்கிட்டு எடுத்தார்கள். "எங்கள் கல்லூரியில் புதன் மத்தியானம் வரை வகுப்பு உண்டே, அப்போது?" என்று ஒருவர் கேட்டார். வகுப்பு நடக்கும் நாள் விடுமுறை நாள் ஆகாது என்று பக்கத்தில் இருந்தவரே பதில் சொன்னார். பேனாவை மூடிய பையன் தன் கல்லூரி நாட்காட்டியைப் போனில் எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டான். அரை மணி நேரத்துக்கு வகுப்பில் நான் பேசவே தேவையில்லை.

பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். விதியைச் சொல்லி உதாரணம் கொடுக்காதீர்கள். நாட்காட்டி, கட்டணச் சீட்டு, படிவம் என்று அவர்கள் மேஜையில் நாளைக்கு வரப்போகிற ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு, விதி எங்கே தேவைப்படுகிறது என்று அவர்களையே முட்டவிடுங்கள். விடையைக் கேட்டால் கையேட்டில் எந்தத் தொகுதி, எந்த அத்தியாயம் என்று காட்டுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும் துறையில் நீங்கள் கொடுத்த பதில் இரண்டு வருடத்தில் தப்பாகிவிடும், தேடும் பழக்கம் மிஞ்சும்.

அன்று மதியம் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அழகுக்கலைப் பள்ளியில் வேலை, நிதியுதவி, கட்டணம், வருகைப்பதிவு எல்லாமே அவர்தான். "காலையில் நீங்கள் நடத்தியது நன்றாக இருந்தது. ஆனால் எங்களிடம் பருவமும் இல்லை, நாட்காட்டியும் இல்லை. எங்களுக்கு மணிதான்" என்றார். உண்மைதான். முடி வெட்டவும் ஒப்பனை செய்யவும் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளும் டைட்டில் ஃபோர் பணம் வாங்குகின்றன. அங்கே ஒரு கல்வியாண்டு என்பது குறைந்தது 900 மணி நேரமும் 26 வாரமும். பணம் 450 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிந்து வரும். மாணவி நின்றுவிட்டால் அவர் உண்மையில் வந்த மணி நேரத்தைப் பார்க்கக் கூடாது, அந்த நாள் வரை வர வேண்டும் என்று அட்டவணையில் இருந்த மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். 200 மணி நேரம் அட்டவணை, வந்தது 150 என்றால், 450-ல் 200, அதாவது 44.4 சதவீதம். வந்ததை வைத்துப் போட்டால் 33.3. அந்தப் பெண் இத்தனை நாளாக எந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

ராத்திரி சந்தேக நேரத்தில் அவரோடும், அவரைப் போல மணிக்கணக்குப் பள்ளிகளிலிருந்து வந்திருந்த இன்னும் சிலரோடும் தனி மேஜை போட்டு உட்கார்ந்தேன். பயிற்சியின் முழுப் பாடத்திட்டத்திலும் மணிக்கணக்குப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான் இருந்தது. இவர்களுடைய மாணவிகளில் பலர் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், முழு பெல் கிராண்ட் வாங்குபவர்கள். நூறு டாலர் பிசகினால்கூட அவர்களுக்கு அது பெரிய தொகை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் ஒரு ஸ்லைடு என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பாடம் நடத்த ஒத்துக்கொண்டால் பங்கேற்பாளர் பட்டியலை இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். பெயர்கூட வேண்டாம். எந்த வகைக் கல்லூரி, பருவமா மணியா, எத்தனை வருட அனுபவம், இந்த மூன்றும் போதும். உதாரணங்களை அதை வைத்து எழுதலாம்.

அனுபவம் அதிகம் உள்ளவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் குறுக்கிடுவது கெட்ட எண்ணத்தில் இல்லை, பல வருடம் தனியாகப் போராடி ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஆனால் "எங்கள் கல்லூரியில் இப்படித்தான் செய்வோம்" என்பது கல்லூரிக் கொள்கையா, மத்திய விதியா என்று புதியவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அப்படிச் சொன்னவரையே, இது எங்கே எழுதியிருக்கிறது என்று கையேட்டில் எடுத்து எல்லோருக்கும் காட்டச் சொன்னேன். காட்ட முடிந்தால் வகுப்புக்கு லாபம், முடியாவிட்டால் அவருக்கே புரிந்துவிடும். இரண்டாம் நாளுக்குப் பிறகு அந்தப் பதினைந்து வருடக்காரர்தான் எனக்குப் பெரிய துணையாக இருந்தார்.

இன்னொன்று, இது ஆபத்தானது. ஒருவர் தன் கல்லூரி மாணவர் ஒருவரின் உண்மையான பதிவைத் திரையில் காட்டி, இதற்கு என்ன செய்வது என்று கேட்டார். பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் வருமானம் எல்லாம் தெரிந்தது. ஓடிப்போய் லேப்டாப்பை மூடினேன். மாணவர் பதிவுகளைக் காக்க 1974-லிருந்து சட்டம் இருக்கிறது. 2024-25 முதல் வரித் துறையிலிருந்து நேரடியாக வரும் வருமான விவரத்துக்கு அதைவிடக் கடுமையான வரிச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. உதவி கேட்கும் அவசரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. வகுப்பு தொடங்கும் முதல் ஐந்து நிமிடத்திலேயே, உண்மையான மாணவர் விவரம் எதுவும் இந்த அறைக்குள் வரக் கூடாது, எண்களை மாற்றிச் சொல்லுங்கள் என்று அறிவித்துவிடுங்கள். பயிற்சி நடத்துபவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

முடிந்து வந்த பிறகு கருத்துப்படிவங்களின் தொகுப்பை அனுப்பினார்கள். பெரும்பாலும் நல்ல வார்த்தைகள். இரண்டு பேர் என் உச்சரிப்பு புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரைப் போட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் அலுவலகத்தில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தொகுப்பை அனுப்பியவர்கள் அந்த வரியை வடிகட்டியிருக்கலாம், அல்லது ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பியிருக்கலாம். நம்மவர்கள் யாராவது போனால் இது வரும் என்று தெரிந்தே போங்கள். எண்களையும் சட்டப் பெயர்களையும் பலகையில் எழுதிக்கொண்டே பேசுங்கள், புரியவில்லை என்பதில் உண்மையான பகுதி அதில் தீர்ந்துவிடும். மீதி உங்களுடைய பிரச்சினை இல்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. மறுவருடப் பயிற்சியின் பாடப்பொருளை ஒரு நண்பர் காட்டினார். நான் ராத்திரிகளில் உட்கார்ந்து எழுதிய நாட்காட்டிக் கணக்கு, எஸ்.ஏ.ஐ. விளக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. என் பெயர் எங்கும் இல்லை. மற்றவர்கள் பயன்படுத்துவதில் எனக்குச் சந்தோஷம்தான், அதற்காகத்தானே எழுதினேன். ஆனால் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பாடப்பொருள் யாருக்குச் சொந்தம், தயாரித்தவர் பெயர் போடுவார்களா என்பதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

2025-ல் மறுபடி கேட்டபோது நான் போகவில்லை. இந்த வருடம் கேட்டார்கள். இந்தத் தடவை நிபந்தனைகளை எழுதி அனுப்பினேன்: டிக்கெட் அவர்கள் எடுப்பது, பங்கேற்பாளர் விவரம் முன்பே தருவது, அட்டவணையில் இல்லாத வகுப்பு எதையும் அங்கே வந்த பிறகு ஏற்றாமல் இருப்பது, ஸ்லைடில் பெயர், அப்புறம் மணிக்கணக்குப் பள்ளிகளுக்கென்று தனியாக அரை நாள். கடைசியைத் தவிர எல்லாவற்றுக்கும் அன்றே சரி என்றார்கள். அரை நாளுக்குத்தான் இரண்டு மூன்று கடிதம் போய்வந்தது, கடைசியில் அதற்கும் ஒத்துக்கொண்டார்கள். அலுவலகத்திலிருந்து பணி நாள் என்ற மின்னஞ்சலையும் வாங்கிவிட்டேன்.

என்னைக் கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கும், இந்தக் கோடையில் எங்கேயாவது பாடம் நடத்தப் போகிற மற்றவர்களுக்கும் உடனே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜூலை 1 முதல் நிறைய மாறுகிறது. முதுகலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கடன் புதிதாக வாங்குபவர்களுக்கு இல்லை. பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 என்று வரம்பு வருகிறது. குறுகியகாலத் தொழிற்பயிற்சிக்கும் பெல் கிராண்ட் கிடைக்க வழி திறக்கிறது. 2024-ல் நான் பண்ணை நிலத்தைச் சொத்தில் சேர்க்க வேண்டும் என்று நடத்தினேனே, அதுவும் மாறிவிட்டது. குடும்பம் குடியிருக்கும் பண்ணைக்கும் சிறு வியாபாரத்துக்கும் 2026-27 முதல் மறுபடி விலக்கு. உங்களுக்கு வரும் ஸ்லைடுகளில் 2024-ல் நான் எழுதியதே இருக்கலாம். பண்ணை பற்றிய பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள், இன்னும் சொத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தால் மற்ற பக்கங்களையும் யாரும் தொடவில்லை என்று வைத்துக்கொண்டு அன்றே பொறுப்பாளருக்கு எழுதிவிடுங்கள்.